மிருகங்களை வைத்துப் படக்கதைப் புத்தகம் போடப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

ஓர் அழுங்குக் குட்டியைப் (உடம்பெல்லாம் செதிலுள்ள எறும்புதின்னி) பற்றிய சின்னக் கதை. மொத்தமே இருநூற்றுச் சொச்சம் சொற்கள். அதைப் புத்தகமாகக் கையில் பார்க்க எனக்குப் பதினாலு மாதம் பிடித்தது. ஏழெட்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. மீதி மாதங்களும் அதோடு போன காசும் முழுக்க என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி தப்பியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கதை எழுதும் கலையைப் பற்றி இங்கே அதிகம் கிடைக்காது, கதை கையில் இருக்கிறது, அடுத்து என்ன என்று முழிப்பவர்களுக்கான குறிப்பு இது.

முதலில் காசு, காலம்

செலவு ஐந்து இடத்தில் விழும்: ஓவியம், பிழை பார்ப்பவர், பக்க வடிவமைப்பு, அச்சு, அனுப்பும் செலவு. சொந்தமாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓவியம்தான் பெரிய தொகை, அதில் கை வைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இதற்கு மேல் கால் பங்கை 'திருத்தச் செலவு' என்று தனியாக எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைக்கவில்லை.

காலம் என்றால், எழுத்துக்கு இரண்டு மாதம், டம்மிக்கு (கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம்) மூன்று வாரம், ஓவியத்துக்கு மூன்றிலிருந்து நான்கு மாதம், லேஅவுட்டுக்கு, அதாவது பக்க வடிவமைப்புக்கு, இரண்டு மூன்று வாரம், மாதிரி அச்சு பார்த்து முழு அச்சு முடிய ஒரு மாதம். பள்ளி திறக்கும் நேரம், புத்தகக் காட்சி நேரம் என்று ஏதாவது ஒரு நாளை மனதில் வைத்திருந்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓவியர்கள் கையில் எப்போதும் வேறு வேலை இருக்கும், அவர்கள் ஆரம்பிக்கவே ஒரு மாதம் ஆகலாம்.

1. எழுத்து முடியும்வரை ஓவியரைத் தேடாதீர்கள்

என் முதல் தவறே இதுதான். கதை பாதி முடிந்ததும் ஆசை தாங்காமல் ஓவியரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வரைந்து அனுப்ப அனுப்ப எனக்குக் கதை மாறிக்கொண்டே வந்தது. மூன்றாம் பக்கத்தில் வந்த தவளை தேவையே இல்லை என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வரைந்த தவளைக்குக் காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

படக்கதையில் எழுத்து பாதிதான். படம் சொல்லப் போவதை நீங்களும் சொன்னால் பக்கம் கனத்துப் போகும். என் முதல் பிரதியில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "இடி இடித்தது. அழுங்குக் குட்டி பயந்துபோய் உருண்டையாகச் சுருண்டுகொண்டது. அதன் பழுப்பு நிறச் செதில்கள் பளபளத்தன. பக்கத்தில் நின்ற அம்மா கவலையோடு பார்த்தாள்." கடைசியில் அச்சானது இவ்வளவுதான்: "டமார்! குட்டியைக் காணோம்." படத்தில் ஓர் உருண்டை, அதை மோந்து பார்க்கும் அம்மா. குட்டி எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும், கதை சொல்லும் அம்மா அப்பாவுக்குத்தான் தெரியாத மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தில் குழந்தைகள் விரல் வைத்துக் கத்துவதைப் பார்த்திருக்கிறேன், நாலு வரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

நாலு முதல் ஏழு வயதுக்கான கதை என்றால் தமிழில் 250 முதல் 400 சொற்கள் தாராளம். நம் மொழியில் 'போய்க்கொண்டிருந்ததாம்' என்பது ஒரே சொல், அதனால் ஆங்கிலப் புத்தகங்களின் சொல் கணக்கை வைத்து எழுதினால் பக்கம் நிரம்பி வழியும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பக்கத்துக்கு ஒரு வரி போதும்.

2. உங்கள் மிருகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போக நினைப்பீர்கள். போகாதீர்கள்.

அழுங்குக்குப் பல் கிடையாது. நீள நாக்கால் எறும்பையும் கரையானையும் இழுத்து விழுங்கிவிடும். எனக்கு அது தெரியும், ஓவியரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் பாவம், அழகாகச் சிரிக்கும் குட்டியை வரைந்தார், வரிசையாக வெள்ளைப் பல்லோடு, பதினோரு படங்களில். எனக்கும் பார்த்தபோது உறைக்கவில்லை. வண்ணமெல்லாம் முடிந்த பிறகு கோப்பைப் பார்த்த நண்பரின் எட்டு வயது மகள், "இதுக்கு ஏது பல்லு?" என்று கேட்டாள். பதினோரு படத்திலும் வாயைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? அது என்ன சாப்பிடும், பகலில் நடமாடுமா இரவிலா, எங்கே வாழும், கூட இருக்கும் மற்ற மிருகங்கள் உண்மையிலேயே அதே இடத்தில் இருப்பவையா, குட்டியை எப்படித் தூக்கும். அழுங்குத் தாய் குட்டியை வாலின் மேல் ஏற்றிக்கொண்டு போகும். அந்த ஒரு தகவலே எனக்கு அட்டைப்படமாக மாறியது. தோகை விரிப்பது ஆண் மயில், யானைக்கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை, வேலைக்குப் போகும் எறும்புகள் எல்லாமே பெண்கள், பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. இவற்றையெல்லாம் தெரிந்தே மீறலாம், கதைதானே. தெரியாமல் மீறினால்தான் சங்கடம்.

அந்தப் பக்கத்தின் அடியில் உங்கள் கதை உலகத்தின் சட்டங்களையும் எழுதிவிடுங்கள். மிருகங்கள் சட்டை போடுமா? இரண்டு காலில் நடக்குமா? பேசுவது மிருகங்களுக்குள் மட்டுமா, மனிதரோடும் உண்டா? சிங்கமும் மானும் ஒரே வகுப்பில் படித்தால் சிங்கம் மதியம் என்ன சாப்பிடும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில் கதையில் வராவிட்டாலும் உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடையன் என்று எடுத்தவுடனே ஒட்டிவிடும் குணங்களை நம்பிக் கதை கட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும். உங்கள் மிருகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறுவனைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் மிருகம் வெறும் வேஷம்தான்.

3. பக்கக் கணக்கு

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். பெரிய அச்சகங்கள் 8 அல்லது 16 பக்கத்தை ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் என்பதால் 16, 24, 32 ஆகியவைதான் வசதியான எண்கள். படக்கதைகளில் 32 மிகவும் வழக்கம். நான் கணக்கே போடாமல் 26 பக்கத்துக்குப் படம் வைத்திருந்தேன். ஆறு பக்கம் கூட்டுவதா, இரண்டைக் குறைப்பதா என்று ஒரு வாரம் தூக்கம் போனது. குறைத்தேன்.

32 பக்கம் என்றால் முப்பத்திரண்டும் கதைக்கு இல்லை. முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரம், மூன்றாவது சமர்ப்பணமோ ஒரு சின்னப் படமோ. கதை 4–5 என்ற எதிரெதிர்ப் பக்கத்தில் ஆரம்பித்து 30–31-இல் முடிந்தால் 14 இரட்டைப் பக்கம் கிடைக்கும், 32-ஆம் பக்கம் கடைசிக் குறும்புக்கு. 24 பக்கப் புத்தகத்தில் இதே கணக்குக்கு 10 இரட்டைப் பக்கம்தான்.

ஒற்றை எண் பக்கங்கள் வலது கைப் பக்கம் வரும். பக்கத்தைத் திருப்ப வைக்கும் வரி அங்கே கடைசியில் இருக்க வேண்டும். "புதருக்குள்ளே ஏதோ அசைந்தது..." என்பதை இடது பக்கத்தில் போட்டு, எதிர்ப்பக்கத்திலேயே புலியைக் காட்டிவிட்டால் யாருக்குப் பயம் வரும்?

4. டம்மி செய்து சத்தமாக வாசியுங்கள்

எட்டு வெற்றுத் தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்கம் தயார். கையால் எழுத்தை ஒட்டுங்கள், படத்துக்குக் குச்சி மனிதர் மாதிரி குச்சி மிருகம் போதும். அப்புறம் யாராவது ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழந்தை வேண்டாம், அது உங்களுக்காகச் சிரிக்கும். உங்களை வாசிக்க விடாமல் வேறொருவரை வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது, அவர் நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பக்கத்தைத் திருப்பப் பார்க்கிற இடத்திலும் ஒரு கோடு. நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு எழுத்தைப் பூட்டிவிடுங்கள்.

5. பதிப்பகமா, சொந்தச் செலவா?

பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஓவியரைப் பிடிக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. பெரும்பாலான பதிப்பகங்கள் ஓவியரைத் தாங்களே முடிவு செய்யும், நீங்கள் காசு கொடுத்து வரைந்து அனுப்பிய படத்தை ஓரம் வைத்துவிடவும் கூடும். அனுப்ப வேண்டியவை: இரட்டைப் பக்கவாரியாகப் பிரித்த கதை, வயது, சொல் எண்ணிக்கை, கதைச் சுருக்கம் நாலு வரி, உங்களைப் பற்றி நாலு வரி. எழுத்தில் வராத, ஆனால் படத்தில் இருந்தே ஆக வேண்டிய விஷயம் இருந்தால் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஓவியக் குறிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் "குட்டி நீலத் தொப்பி அணிந்திருக்கும்" என்று எழுதாதீர்கள், ஓவியருக்கும் வேலை வேண்டும்.

பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆவது சகஜம். ஒரே நேரத்தில் பல இடத்துக்கு அனுப்பலாமா என்பதை அவர்கள் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தில் நாலு இடத்தை அழுத்திப் படியுங்கள்: ராயல்டி (விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு) விற்பனை விலையிலா, கழிவு போன நிகரத் தொகையிலா, மொழிபெயர்ப்பு, மின்நூல், ஒலி, திரை உரிமைகள் யாருக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும், கதாபாத்திரத்தை வைத்து அடுத்த கதை எழுத உங்களுக்குத் தடை உண்டா. அந்தக் கடைசி வரி மிருகக் கதைகளில் மிக முக்கியம், ஏனென்றால் ஓடிவிட்டால் தொடராகப் போவது இந்த வகைதான். ஓர் இடத்தில் எனக்கு உடனே "ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் வந்தது, கூடவே நான் கட்ட வேண்டிய தொகையின் பட்டியலும் வந்தது. எழுதினவரிடம் காசு கேட்டால் அது அச்சுச் சேவை, அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள், பதிப்பகம் கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்காதீர்கள்.

காப்புரிமை பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்று இல்லை. பதிவு தகராறு வந்தால் சாட்சியாக உதவும். நாட்டுப்புறக் கதையை எடுத்து எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாட்டி சொன்ன கதை பொதுச்சொத்து, அதை இன்னொருவர் தன் நடையில் எழுதிய புத்தகம் அப்படி இல்லை.

6. ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம்

சொந்தமாகப் போடுகிறவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். நண்பராக இருந்தாலும், சொந்தக்காரப் பையனாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக்காரப் பையன் என்றால் கட்டாயம்.

எத்தனை இரட்டைப் பக்கம், எத்தனை ஒற்றைப் பக்கம், அட்டை சேர்த்தா. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை இலவசத் திருத்தம், அதற்கு மேல் என்ன தொகை. இரண்டு முறை என்பது நியாயமான வழக்கம். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஆரம்பத்தில் ஒரு பங்கு, பென்சில் படங்கள் எல்லாம் ஒப்புதலானதும் ஒரு பங்கு, கடைசிக் கோப்புகள் கைக்கு வந்ததும் ஒரு பங்கு. பாதியில் நின்றால் யாருக்கு என்ன என்பதையும் எழுதுங்கள்.

உரிமைதான் சிக்கலான இடம். காசு கொடுத்து வரையச் சொன்ன படம் சட்டப்படி யாருடையது என்பது நாட்டுக்கு நாடு வேறு. அதனால் காசு கொடுத்துவிட்டோம், எல்லாம் நமதே என்று நினைக்காமல், அச்சுப் புத்தகம், மின்நூல், பிற மொழிப் பதிப்பு, விளம்பரம், பொம்மை, டி-ஷர்ட் என்று எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஓவியர் பெயர் அட்டையில் உங்கள் பெயருக்கு இணையாக வரட்டும், படக்கதையில் அவர் பாதி ஆசிரியர்.

வரையும் வரிசையும் முக்கியம். முதலில் கதாபாத்திரத் தாள்: அதே குட்டி முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து, சிரிப்பு, அழுகை, பயம், மற்ற மிருகங்களோடு நிறுத்தி உயர ஒப்பீடு. இது இல்லாவிட்டால் நாலாம் பக்கத்தில் முயல் அளவு இருக்கும் குட்டி இருபதாம் பக்கத்தில் நாயளவு ஆகிவிடும். அப்புறம் எல்லாப் பக்கத்துக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஸ்டோரிபோர்டு. அப்புறம் முழு அளவில் பென்சில் படம். என் அழுங்கின் பல்லைப் போன்ற விஷயங்களைப் பிடிக்க வேண்டிய கடைசி இடம் இதுதான், வண்ணம் ஏறிய பிறகு ஒவ்வொரு மாற்றமும் காசு.

படத்துக்குள் எழுத்து வரைய விடாதீர்கள், கடைப் பலகை, "டமார்" உட்பட. எழுத்து கோப்பில் தனி லேயரில் (படத்துக்கு மேல் தனி அடுக்கு) இருந்தால் நாளைக்கு வேறு மொழியில் போடும்போது படத்தைத் தொட வேண்டாம்.

7. லேஅவுட்டும் தமிழ் எழுத்தும்

தமிழில் போடுகிற நமக்கென்றே இருக்கும் தலைவலி. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொக்கு' என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் உட்காரும், துணைக்கால் தனியே நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது அழகாகவே தெரியும். ஆகவே கடைசிப் பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உள்ளதா என்று உரிமத்தைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைத்தால் மட்டும் போதாது. எழுத்தின் அளவைப் பொறுத்தவரை, வாசிக்கப் பழகும் குழந்தைக்கு 18 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். வரியைச் சொல்லின் நடுவே உடைக்கவும் வேண்டாம்.

எழுத்து முழுக் கறுப்பு ஒரே மையில் இருக்க வேண்டும். வண்ண அச்சின் நாலு மையும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பு அச்சில் கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்குப் பேய் நிழல் வந்துவிடும்.

ஓரத்தில் வெட்டப் போகும் பகுதிக்காக நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகப் படம் நீள வேண்டும். எழுத்தும் முகங்களும் ஓரத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே. நடுமடிப்பில் மிருகத்தின் முகம் விழக் கூடாது, மூக்கு மடிப்புக்குள் போய்விடும். படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும்.

8. ஐஎஸ்பிஎன்னும் இரண்டாம் பக்கமும்

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், 2007-க்கு முன்பு 10 இலக்கமாக இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் இதைத் தருவதற்கென்று ஓர் அமைப்பு உண்டு, சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் கட்டணம். இடைத்தரகரிடம் வாங்கினால் பதிப்பாளர் என்று அவர் பெயர் பதிவாகிவிடும் என்பதால் நேராக விண்ணப்பியுங்கள். காகித அட்டை, கெட்டி அட்டை, மின்நூல் மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். லேஅவுட் ஆரம்பிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், எண் வந்தால்தான் பின்னட்டை பார்கோடு. இரண்டாம் பக்கத்தில் தலைப்பு, எழுத்தாளர், ஓவியர், காப்புரிமை ஆண்டு, பதிப்பு, எண், அச்சக விவரம். இதில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும், கதையைப் பத்து முறை படிப்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒரு முறைகூடப் படிப்பதில்லை.

9. அச்சகம்

இரண்டு வழி. ஆர்டர் வந்தால் ஒவ்வொன்றாக அச்சிடும் டிஜிட்டல் முறையில் கையிருப்பு தேவையில்லை, ஆனால் வண்ணப் புத்தகத்துக்கு ஒரு பிரதியின் செலவு அதிகம், எத்தனை அச்சிட்டாலும் பெரிதாகக் குறையாது. தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டில் ஆரம்பச் செலவு பெரியது, பிரதிகள் கூடக் கூட ஒரு பிரதியின் செலவு சரசரவென்று இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து மயங்கி இரண்டாயிரம் போட்டவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னும் பெட்டி இருக்கும். உறுதியாக வாங்கப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணுங்கள், அதை இரண்டால் பெருக்குங்கள், அங்கே நின்றுவிடுங்கள்.

விலை கேட்கும்போது அளவு, பக்கம், உள்தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), அட்டையின் ஜிஎஸ்எம், லேமினேஷன், பைண்டிங், பிரதிகள், எல்லாவற்றையும் எழுதி மூன்று இடத்தில் ஒரே மாதிரி கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. உள்தாள் 130 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் பின்பக்கத்துப் புலி முன்பக்கத்தில் தெரியும். 32 பக்கத்துக்கு நடுவில் பின் அடிப்பதே போதும், புத்தகமும் நன்றாக விரியும்.

திரையில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, அச்சில் மங்கிப் போகும். அது அச்சகத்தின் தவறில்லை, நாலு மையின் எல்லை அது. அதனால் அச்சு வண்ணத்துக்கு மாற்றிய பிறகு படங்களைப் பாருங்கள், தாளில் மாதிரி அச்சு கேளுங்கள், அதே தாளில். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், பக்க வரிசையைக் கை வைத்து எண்ணுங்கள், கையெழுத்துப் போட்ட மாதிரியில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் வந்ததும் மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்துப் படம் பிடித்துப் போடத் தோன்றும். ஒவ்வொரு பெட்டியிலும் நடுவிலிருந்து இரண்டு பிரதி உருவுங்கள். எனக்கு வந்ததில் ஒரு பெட்டியில் மட்டும் 16-ஆம் பக்கத்துக்கு அடுத்து 21 வந்தது. அன்றே படமெடுத்து அனுப்பியதால் மாற்றிக் கொடுத்தார்கள். பெரும்பாலான அச்சகங்கள் ஒரு வாரத்துக்குள் சொன்னால்தான் கேட்கும், அந்தக் கெடு பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.